சின்னதுங்களுக்கு போன்ல கதைப் புத்தகம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

தொடக்கப் பள்ளியில 26 வருஷம் ஓட்டிட்டு, இப்போ சனி ஞாயிறு சேலம் அஸ்தம்பட்டியில எங்க வீட்டுத் திண்ணையில பத்துப் பன்னெண்டு பொடுசுங்களுக்குக் கதை படிச்சுக் காட்டறேன். பாதி அச்சுப் புத்தகம், பாதி ஒரு பழைய டேப்லெட்டுல. ஆறு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு டிஜிட்டல் புத்தகம் பாத்து எடுக்கறதைப் பத்தி எது வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துட்டேன்.

அம்மாபேட்டை, மூன்றரை வயசுப் பொண்ணோட அம்மா: அக்கா, ஒரு ஆப்ல கதைப் புத்தகம் போட்டுக் குடுத்தேன். அரை மணி நேரம் அசையாம உக்காந்திருந்தா. என்ன கதைன்னு கேட்டா "தவளை கத்துச்சு"ங்கறா, அவ்வளவுதான். புத்தகம் சரியில்லையா, பிள்ளைக்குக் கவனம் பத்தலையா?

பிள்ளை மேல தப்பே இல்லம்மா. அவ கவனமாத்தான் இருந்திருக்கா, தவளை மேல. எங்க திண்ணையில ஒரு பையன் இப்படித்தான், படத்துல இருந்த தவளையைத் தட்டினான். கத்துச்சு. மறுபடி தட்டினான். நான் எண்ணிட்டே இருந்தேன், 17 தடவை. கதைப்படி அந்தப் பக்கத்துல மழை வந்து குளம் ரொம்புது. குளத்தை அவன் பாக்கவே இல்லை. தட்டினா சத்தம், தட்டினா நட்சத்திரம், நடுவுல ஒரு பலூன் உடைக்கற விளையாட்டுன்னு வந்துட்டா கதை அங்கங்கே அறுந்து போயிடும்.

அதுக்காக அசையற படமே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். "காத்து அடிச்சுது"ன்னு குரல் வரும்போது மரம் ஆடுச்சுன்னா, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அங்கேயே விளங்கிடுது. அது உதவி. கதைக்குச் சம்பந்தமில்லாம மூலையில ஒரு குரங்கு குட்டிக்கரணம் போட்டுட்டிருந்தா அது உபத்திரவம். வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே நாலு பக்கம் தட்டிப் பாருங்க. எதைத் தட்டினாலும் ஏதாவது நடக்குதுன்னா வாங்காம விட்டுடுங்க. ஒண்ணுமே நடக்காம பக்கம் மட்டும் திரும்புதுன்னா அதை எடுங்க.

இன்னொண்ணு. நீங்க போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டீங்க பாருங்க, பாதிப் பிரச்சினை அதுல இருக்கு. பக்கத்துல உக்காந்தாலும் திரை நம்ம பேச்சை மாத்திடும். 2019-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல 37 பெற்றோர்களை அவங்கவங்க குழந்தையோட உக்கார வெச்சு, அச்சுப் புத்தகத்தையும் டேப்லெட் புத்தகத்தையும் படிக்கச் சொல்லிக் கவனிச்சாங்க. குழந்தைங்க ரெண்டுல இருந்து மூணு வயசுக்குள்ள இருக்கறவங்க. டேப்லெட்டுல கதையைப் பத்தின பேச்சு குறைஞ்சு, "அதைத் தொடாதே, இங்க அமுக்கு" மாதிரிப் பேச்சு கூடிடுச்சு. எங்க திண்ணையிலயும் அதேதான், நானே அப்படிப் பேசியிருக்கேன். அதனாலதான் சாதுவான புத்தகமா எடுங்கங்கறேன். பொத்தான் இல்லைன்னா பொத்தானைப் பத்திப் பேச வேண்டி வராது.

கொண்டலாம்பட்டி, தாத்தா: பேரனுக்கு எட்டு மாசம். மகன் பெங்களூர்ல இருந்து டேப்லெட் அனுப்பியிருக்கான். இப்பவே ஆரம்பிக்கலாங்களா?

வேண்டாங்கய்யா. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல சொன்னது இது: ரெண்டு வயசு வரைக்கும் திரையே கூடாது, எப்பவாவது சொந்தக்காரங்களோட வீடியோ கால் பேசறதைத் தவிர. ரெண்டுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, அதுவும் பெரியவங்க கூட இருக்கணும். கதைப் புத்தகமும் அந்த ஒரு மணிக்குள்ளதான். இப்போ துணிப் புத்தகம், கெட்டி அட்டைப் புத்தகம் வாங்குங்க, வாயில வெச்சுக் கடிக்கட்டும். டேப்லெட்டுல நீங்க பேப்பர் படிங்க.

ஏற்காடு, நாகலூர் பக்கம், சாயங்கால வகுப்பு எடுப்பவர்: அக்கா, இங்க மழைன்னா டவரே இருக்காது. பிள்ளைங்க பதினாலு, போன் ஒண்ணு. காசும் கிடையாது. என்ன வழி?

ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் இருக்குப்பா. பெங்களூர்ல இருக்கற பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்சது, லாப நோக்கமில்லாதது. தமிழ்ல நிறைய இருக்கு, எல்லாம் இலவசம். வாரம் ஒரு தடவை சேலம் இறங்குவீங்கல்ல, அப்போ அஞ்சு கதையை பிடிஎஃப்பா இறக்கி வெச்சுக்கங்க. மலை ஏறறதுக்கு முன்னாடி போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு ஒவ்வொண்ணையும் கடைசிப் பக்கம் வரைக்கும் திறந்து பாருங்க. பாதி இறங்கினது, திறக்காதது எல்லாம் அப்பத்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சு பிரயோசனம் இல்லை.

பதினாலு பேருக்கு ஒரு போன் காணாது. அச்செடுத்துடுங்க. அந்தக் கதைங்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு. எழுதினவர், வரைஞ்சவர், மொழிபெயர்த்தவர் பேர் இருக்கற பக்கத்தையும் சேர்த்து எடுத்துட்டா, எத்தனை பிரதி வேணும்னாலும் போடலாம், தப்பில்லை. ஜெராக்ஸ் கருப்பு வெள்ளைன்னா, ராத்திரிக் காட்சி வர்ற கதையை எடுக்காதீங்க. நான் ஒரு நிலாக் கதையை எடுத்துட்டு வந்தேன், பக்கம் பூரா தார் பூசின மாதிரி இருந்துச்சு. நிலாவும் இல்லை, ஆந்தையும் இல்லை. பின்புலம் வெள்ளையா, கோடு தெளிவா இருக்கற படமாப் பாத்து எடுங்க.

சூரமங்கலம், நாலு வயசுப் பையனோட அப்பா: அதே ஸ்டோரிவீவர்ல நிலை 1, 2, 3, 4ன்னு போட்டிருக்கு. இவனுக்கு எது?

அந்த நிலை பிள்ளை தானாப் படிக்கறதுக்கான கணக்கு. 1-ல பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரிதான், 4 சரளமாப் படிக்கறவங்களுக்கு. நம்ம அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு அழகாப் பேர் வெச்சிருக்காங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனா நீங்க படிச்சு அவன் கேக்கறதா இருந்தா, நாலு வயசுக்கு 2 தாராளமாப் போகும், அவனுக்குப் பிடிச்ச லாரியோ நாயோ வந்தா 3 கூடப் போகும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குக் கதை புரியாதுன்னு யார் சொன்னது?

ஃபேர்லேண்ட்ஸ், ஒரு அப்பா: புத்தகத்துல "நரி விரைந்து சென்றது"ன்னு இருக்கு. என் பொண்ணு "சென்றதுன்னா என்னப்பா?"ங்கறா. நான் "ஓடிப் போச்சு"ன்னு மாத்திப் படிக்கலாமா, அப்படியே படிக்கணுமா?

நல்ல கேள்வி. இதை யாராவது கேப்பாங்களான்னு பாத்துட்டே இருந்தேன். முதல் தடவை நம்ம வாய்ப் பேச்சுல சொல்லுங்க. "நரி ஒரே ஓட்டமா ஓடிப் போயிடுச்சு." ரெண்டாவது தடவையில இருந்து இருக்கறதை இருக்கற மாதிரியே படிங்க. கதை தெரிஞ்சுட்டதால "விரைந்து சென்றது" தானா ஒட்டிக்கும். எங்க திண்ணையில ஒரு வாண்டு, தண்ணி குடிக்க எழுந்து போகும்போது "நான் விரைந்து செல்கிறேன் பாட்டி"ன்னு சொல்லிட்டு ஓடுச்சு.

ஆனா எழுத்துத் தமிழ் வேற, மொழிபெயர்ப்புத் தமிழ் வேற. "குட்டி தன் தாயினால் அழைக்கப்பட்டது"ன்னு ஒரு வரி வந்தா, அதை எந்தத் தமிழ்லயும் யாரும் பேசறதில்லை, எழுதறதுமில்லை. இலவசத் தளத்துல யார் வேணும்னாலும் மொழிபெயர்த்துப் போடலாம்ங்கறதால இது நிறைய மாட்டும். நான் எந்தப் புத்தகம் எடுத்தாலும் பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் வாய்விட்டுப் படிச்சுடுவேன். மனசுக்குள்ள படிச்சா கண்ணு தாண்டிப் போயிடும், வாய் தாண்டாது. நாக்கு மூணு இடத்துல தடுக்குச்சுன்னா, படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அதை எடுக்க மாட்டேன்.

குகை, ஒரு அம்மா: வீட்ல சௌராஷ்டிரம்தான் பேசறோம். தமிழ்ப் புத்தகம் காட்டினா குழம்பிடுவானா?

குழம்ப மாட்டான். வரியைத் தமிழ்ல படிங்க, படத்தைப் பத்தி உங்க பாஷையிலயே பேசுங்க. எழுத்தே இல்லாத படக்கதைங்களும் டிஜிட்டல்ல இருக்கு, உங்க மாதிரி வீட்டுக்கு அது வரம். கதையைச் சௌராஷ்டிரத்துல நீங்களே சொல்லிக்கலாம்.

ஓமலூர், பாலர் வகுப்பு ஆசிரியை: ஒரு பழைய தமிழ் மின்னூல் கிடைச்சுது. திறந்தா எழுத்து உடைஞ்சு வருது டீச்சர்.

"கொக்கு"ல ஒற்றைக்கொம்பு முன்னாடி ஒரு புள்ளி வட்டத்தோட தனியா நிக்கும், "க" ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், அதானே? யூனிகோடுன்னு எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறை இருக்கு; அதுக்கு முந்தின எழுத்துருவுல தட்டின கோப்பைச் சரியா மாத்தாம விட்டா இப்படி ஆகும். சில சமயம் படிக்கற ஆப்லயே கோளாறு இருக்கும், அதனால வேற ஆப்ல ஒரு தடவை திறந்து பாருங்க. அங்கயும் அப்படித்தான்னா தூக்கிப் போட்டுடுங்க. நாம ஊகிச்சுப் படிச்சுக்குவோம், எழுத்து பழகற பிள்ளை அதுதான் "கொ"ன்னு நெனைச்சுக்கும்.

அழகாபுரம், ஒரு அம்மா: மின்னூல் படிக்கறதுக்குன்னே அமேசான் விக்கற கிண்டில் கருவி வாங்கலாமா?

கருப்பு வெள்ளைத் திரை மாடல்னா உங்களுக்கு வாங்கிக்கங்க. தமிழ்ப் புத்தகம் 2016-ல இருந்தே அதுல கிடைக்குது, கண்ணுக்கும் சுகம். நாலு வயசுக்கு வேண்டாம். மாம்பழம் சாம்பல் நிறத்துல இருந்தா சேலத்துப் பிள்ளை ஒத்துக்குமா?

ஆத்தூர், ஒரு அப்பா: மாசச் சந்தா கட்டற ஆப் நல்லதா?

ஆயிரம் புத்தகம்னு விளம்பரம் போடுவான், தமிழ்ல எத்தனைன்னு தேடிப் பாருங்க. நான் ஒண்ணுல மாட்டினேன். ஒரு மாசம் இலவசம்னு சொன்னதை நம்பி யூபிஐல ஆட்டோபேக்கு ஓகே குடுத்துட்டேன். மறந்தே போச்சு. மூணு மாசம் கழிச்சு பாஸ்புக் போடப் போனப்போதான் பணம் போயிட்டிருக்கறது தெரிஞ்சுது. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. யூபிஐ ஆப்புக்குள்ள போய் ஆட்டோபேங்கற இடத்துல ரத்து பண்ணணும். இலவசமா இருக்கறதையே படிச்சு முடிக்க உங்க பிள்ளைக்கு வயசு பத்தாதுங்க.

செவ்வாய்பேட்டை, கொலுசு வேலை பாக்கற அம்மா: அக்கா, நானும் வீட்டுக்காரரும் நாள் பூரா வேலையில உக்காந்துடறோம். கதையைப் படிச்சுக் காட்டற ஆடியோ போட்டு விட்டா தப்பா? மனசு உறுத்துது.

உறுத்த வேண்டாம்மா. குரல் படிக்கப் படிக்க அந்தந்தச் சொல் நிறம் மாறிக் காட்டற புத்தகம் இருக்கு, அதாப் பாத்து எடுங்க. காதுல விழறதும் கண்ணுல படறதும் சேர்ந்து போகும். மிஷின் குரலா, மனுஷக் குரலான்னு கேட்டுப் பாருங்க. மிஷின் குரல் நரிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே மாதிரி பேசும். ஒண்ணு முடிஞ்சதும் தானா அடுத்தது ஓடற அமைப்பை மட்டும் நிறுத்தி வெச்சுடுங்க.

உங்க கைக்குத்தான் வேலை, வாய் சும்மாத்தானே இருக்கு? கதை முடிஞ்சதும் போனை மூடிட்டு வந்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க. நீங்க கொலுசுல இருந்து கண்ணை எடுக்காமலே "அப்புறம்?"னு கேளுங்க. "அய்யய்யோ, அப்புறம்?" பொடுசு கூடக் கொஞ்சம் சேர்த்துக்கிட்டே சொல்லும். ஒரே கதையை நாலு நாள் போடச் சொல்லி அடம் பிடிச்சா போடுங்க, நாலாம் நாள் சொல்றது முதல் நாள் சொன்ன மாதிரி இருக்காது.

வாழப்பாடி, இரட்டைப் பிள்ளைகளோட அம்மா: ஒரே போன், ரெண்டும் புடுங்கிக்கிட்டுச் சண்டை. என்ன பண்ண?

போன் உங்க மடியில இருக்கட்டும். ஒருத்தன் படத்தைப் பாத்து என்ன நடக்குதுன்னு சொல்லணும், இன்னொருத்தன் பக்கம் திருப்பணும். அடுத்த பக்கத்துக்கு ஆள் மாத்தணும். சண்டை நிக்காது, ஆனா இனிமே "இது என் பக்கம்"னு சண்டை வரும்.