பாம் ஷெல்ட்டருக்குள் படுத்துக்கொள்ளும் சிறுவன்: போரிலிருந்து வந்த பிள்ளைக்கு வீட்டார் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “கணவரின் வேலை காரணமாக உக்ரேனின் கியவ் நகரில் வசித்த என் தங்கை, மூன்று மாதங்களுக்கு முன்பு 8 வயது மகனுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவர் அங்கேயே இருக்கிறார். பையன் பகலில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்வருகிறான். இரவானால் தலையணையை எடுத்துக்கொண்டு பாம் ஷெல்ட்டருக்குள் போய்ப் படுத்துவிடுகிறான். வியர்த்து நனைந்தாலும் வெளியே வருவதில்லை. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான். கட்டைகளை அடுக்கி இடித்துத் தள்ளுவதுதான் அவனுடைய விளையாட்டு. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் படுக்கை நனைகிறது. நடந்ததைப் பேசவைத்தால்தான் பாரம் இறங்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். நாங்கள் எதைக் கேட்பது?”

உங்கள் வீட்டில் எல்லாரையும் அதிகம் கலங்கவைத்திருப்பது அந்த அறைதான் என்று கடிதத்திலிருந்து தெரிவதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட அந்த அறை இருந்துவருகிறது. நம்மில் பலருக்கு அது அரிசி மூட்டையும் தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு உழக்கும் கிடக்கும் சாமான் அறை. உங்கள் தங்கை மகனோ அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை உடலால் அறிந்தவன். 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு, சைரன் ஒலித்ததும் சுரங்க ரயில் நிலையங்களுக்கும் கட்டட அடித்தளங்களுக்கும் ஓடி இரவைக் கழித்த நகரம் கியவ். சத்தம் கேட்டால் இறங்கு, சுவர் தடித்த இடத்தில் இரு, அம்மாவை விட்டு விலகாதே என்று அங்கே கற்ற பாடத்தைத்தான் அவன் இங்கேயும் ஒப்பிக்கிறான். அது அடமும் அல்ல, புத்தி பேதலித்ததும் அல்ல. அங்கே உயிர் காத்த பழக்கம் இங்கே தேவையில்லை என்ற செய்தி அவன் உடலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்த அறையை அவனிடமிருந்து பறிக்காதீர்கள். கதவை மட்டும் எப்போதும் திறந்தே வையுங்கள், உள்ளேயிருந்து சாத்த முடியாதபடி கனமான ஒன்றை முட்டுக்கொடுங்கள். காற்றுத் துளைகளின் மூடிகளைத் திறந்துவிட்டு, வாசலில் ஒரு மின்விசிறியும் சிறு விளக்கும் வையுங்கள். தாயார் வாசலருகே பாய் விரித்துப் படுக்கட்டும். சில இரவுகள் அவன் நிம்மதியாக உறங்கிய பிறகு, மெத்தையை ஒரு முழம் வெளியே இழுக்கலாமா என்று அவனையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அடுத்த வாரம் கேளுங்கள். எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிப்பவன் அவனாக இருக்க வேண்டும், ஏனென்றால் போர் அவனிடமிருந்து முதலில் பிடுங்கியது அந்தத் தீர்மானிக்கும் உரிமையைத்தான்.

பேசவைப்பதா, வாயை அடைப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். தெரிந்தவர் சொன்னதும் தவறு, மாமியார் சொன்னதும் பாதி தவறு. கொடுமையைக் கண்டவரை உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் பரவலாக இருந்தது. அது பலன் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது என்று தெரிந்த பிறகு கைவிடப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும், பார், கேள், உதவியோடு இணை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. துருவிக் கேட்கச் சொல்வதில்லை. அதே சமயம், அவனாக வாய் திறக்கும்போது “அதையெல்லாம் மறந்துடு கண்ணா” என்று பேச்சை மாற்றினால், இந்த விஷயத்தைப் பெரியவர்களால் தாங்க முடியாது என்று அவன் முடிவுகட்டிவிடுவான். பிள்ளைகள் பெரும்பாலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதில்லை. 969 பேருந்தின் ஜன்னலோரத்திலோ, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதோ ஒரு வரி வந்து விழும். “அப்படியா, ரொம்பப் பயந்திருப்பாய், இப்போது என் பக்கத்தில் இருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு, தொடர்வதை அவனிடம் விட்டுவிடுங்கள்.

இடித்துத் தள்ளும் விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நாள் ஆம்புலன்ஸ் வருகிறது, இன்னொரு நாள் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிறான் என்றால், அவன் மனம் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சுப்போல ஒரே முடிவு, விளையாடி எழும்போது முன்னைவிடப் பதற்றம் என்றால், அது நிபுணர் பார்க்க வேண்டிய அறிகுறி.

படுக்கை நனைவதற்குத் தண்டனையோ கேலியோ கூடாது. துணியை மாற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் படுக்கவையுங்கள். மாமியார் மந்திரித்துத் திருநீறு பூச வேண்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். பாட்டியின் மடியும் நெற்றியில் படும் கையும் எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான், வேப்பிலை கொண்டு மிரட்டாதவரை.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சுக்கு நடுவே ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திய உளப்பகுப்பாய்வாளர்கள் அன்னா ஃபிராய்டும் டொரத்தி பர்லிங்ஹமும் ஒன்றைக் கண்டார்கள்: குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் உலுக்கியது; தாய் அருகில் அமைதியாக இருந்தால் பிள்ளையும் ஓரளவு தாங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், போர் மனத்தில் விட்ட காயம், அதாவது உளவடு, தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று எழுதிவந்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் தங்கை எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா? அவருக்கும் உதவி தேவைப்படலாம். அவரைத் தேற்றுவது பையனுக்குச் செய்யும் வைத்தியத்தில் பாதி.

தந்தையின் அழைப்புக்கு ஒரு நிலையான நேரம் வையுங்கள். கியவ் நம்மைவிட 5 மணி நேரம், குளிர்காலத்தில் 6 மணி நேரம் பின்தங்கியது. நமக்கு மாலை 6 மணி என்றால் அங்கே நண்பகலையொட்டிய வேளை. படுக்கப்போகும் நேரத்து அழைப்பில் பின்னணியில் சைரன் கேட்டுவிட்டால், அன்றைய தூக்கம் போயிற்று. “அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சைரன் கேட்டால் அப்பா எங்கே போவார், யாரோடு இருப்பார் என்பதைச் சொல்லுங்கள். வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது அவன் அருகில் இருக்க வேண்டாம்.

இனி, ஊர்ச் சத்தங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாள்களுக்கு மேல் இடி இடிக்கிறது, அதை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் முன்கூட்டித் தெரிந்த சத்தங்கள் உண்டு. தேசிய தின ஒத்திகைக் காலத்தில் போர் விமானங்கள் தாழப் பறக்கும். பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20க்கு, 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்த நேரத்தை நினைவுகூர்ந்து, தீவெங்கும் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். இவற்றை நாள்காட்டியில் அவனோடு சேர்ந்து குறித்து, எப்போது, எவ்வளவு நேரம், ஏன் என்று முதல் நாளே சொல்லுங்கள். அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். அந்த வாரத்தில் பள்ளியிலும் நெருக்கடிகால ஒத்திகைகள் நடக்கலாம் என்பதால், வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் நிபுணரைப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இத்தகைய அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மதிப்பீடு தேவை. உங்களுக்கு மூன்று மாதமாகிவிட்டது. பள்ளி ஆலோசகரிடம் தொடங்கலாம், அவர்வழியே மனநலக் கழகத்தில் மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்கும் ‘ரீச்’ குழுவை அணுக முடியும். அல்லது பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் பெறலாம். உளவடுவை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையில், பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள், தாயையும் சேர்த்துக்கொண்டே நடக்கும். பயத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் நடந்தவற்றுக்குள் போவார்கள். அமைதியாகத் தூங்கவைக்க மருந்து கேட்காதீர்கள். அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில்கூட, மன உளைச்சலுக்கோ தூக்கமின்மைக்கோ பிள்ளைகளுக்குப் பென்சோடையஸபீன் என்னும் பதற்றம் தணிக்கும் வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கோ தங்கைக்கோ நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஷெல்ட்டரிலிருந்து எடுத்த பெட்டிகளால் வரவேற்பறையில் நடக்க இடமில்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அவை இன்னும் சில மாதங்கள் அங்கேயே இருக்கட்டும். அவற்றைத் திரும்ப உள்ளே வைக்கும் நாள் வந்தால், முறுக்கு உழக்கு எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று அவனையே கேளுங்கள்.