ஜன்னலைத் திறக்காதீர்கள்: ஸ்பெயின் கிராமத்துக் கோடை பற்றிக் கேள்வி பதில்

ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் வசிக்கிறேன். பதினோரு கோடைகளாக, மனைவி மக்களோடு மேற்கு ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதூரா பகுதியில், த்ருஹியோ என்ற ஊருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நண்பர் குடும்பத்தோடு தங்கி வருகிறேன். அந்த வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். பார்சலோனா, கால்பந்து, காளைச் சண்டை மூன்றுக்கும் நான் ஆள் இல்லை.

சென்னை வாசகர்: நண்பர் வீட்டில்தான் தங்கப் போகிறோம். ஹோட்டல் முன்பதிவு இல்லாமல் விசா கிடைக்குமா?

விண்ணப்பிக்கலாம். ஆனால் நண்பர் கைப்பட எழுதிய கடிதம் செல்லாது. 'கார்த்தா தே இன்வித்தாசியோன்' என்ற அழைப்புக் கடிதத்தை அவர் தேசியப் போலீசிடம் விண்ணப்பித்து வாங்கி, அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அது இருந்தாலும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வங்கிக் கணக்கும் காட்டியாக வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும். ஆகஸ்ட் பயணம் என்றால் நண்பரைப் பங்குனியிலேயே நச்சரிக்கத் தொடங்குங்கள்.

கோவை வாசகி: வெயில் எப்படி? ஏசி இருக்குமா?

40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அங்கே சகஜம். பழைய வீடுகளில் ஏசி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கனத்த கற்சுவர்தான் ஏசி.

முதல் வருடம், காற்று வரட்டுமே என்று காலை 11 மணிக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். நண்பரின் அம்மா வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் ஓரத்து வாரைத் தளர்த்தினார். பெர்சியானா என்ற பலகைத் திரை தடதடவென்று இறங்கியது. பலகை இடுக்குகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழுந்தது. அடுத்த அறைக்குப் போனார், அங்கும் தடதட. அன்று பகல் முழுவதும் என் முகத்தையே அவர் பார்க்கவில்லை. பகலில் ஜன்னலைத் திறக்காதீர்கள்.

திருச்சி வாசகர்: நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஹாமோன் என்ற பதப்படுத்திய பன்றித் தொடை அங்கே பலர் கணக்கில் இறைச்சியே அல்ல, உப்பு மாதிரி ஒரு சேர்மானம். பீன்ஸ் பொரியலில் அது கிடக்கும். லெந்தேஹாஸ் பார்க்க நம் வீட்டுப் பருப்புக் குழம்பு போலவே இருக்கும். கரண்டியை அடிவரை விட்டால் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மேலே வரும். சாலட்டில் அத்தூன், அதாவது டூனா மீன். அதனால் ஹாமோன், சொரீசோ, அத்தூன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுங்கள்.

முட்டை சாப்பிடுவீர்களானால் தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் உண்டு. கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பை மேலே எதுவும் தூவாமல் கேளுங்கள். காசெரெஸ் பக்கத்துத் தோர்த்தா தெல் காசார் பாலாடைக்கட்டியைத் தவறவிடாதீர்கள்: செம்மறிப் பாலைக் கன்றின் இரைப்பை நொதியால் அல்ல, ஒரு முள்செடியின் பூவால் உறைய வைக்கிறார்கள். மேல் தோலை வட்டமாக வெட்டித் திறந்தால் உள்ளே குழைந்து கிடக்கும். ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும்.

மதுரை வாசகர்: அங்கே காளை ஓட்டம் நம் ஜல்லிக்கட்டு மாதிரியா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

சிங்கப்பூர் வாசகி: அறையில் ஏசி உண்டா?

கோவை வாசகிக்குச் சொன்னதே. ஜன்னல்!

லண்டன் வாசகர்: மதியம் தூக்கம், இரவு 10 மணிக்குச் சாப்பாடு. இது சோம்பேறித்தனம் இல்லையா? என் பிள்ளைக்கு ஆறு வயது.

உச்சி வெயிலில் ஏர் ஓட்டாமல் புளியமரத்தடியில் படுத்த உங்கள் தாத்தா சோம்பேறியா? ஸ்பெயின் இருப்பது லண்டன் இருக்கும் தீர்க்கரேகையின் இரு பக்கமும், பெரும்பகுதி மேற்கே. ஆனால் 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பிறகு அது திரும்பவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் சேர்கிறது. ஆகவே ஜூலையில் த்ருஹியோவில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2:30 அளவில். மறைவது இரவு 9:45 அளவில். அவர்களின் பத்து மணிச் சாப்பாடு சூரியக் கணக்கில் ஏழரை மணிதான்.

பாரிஸ் வாசகர் (குறுக்கிட்டு): பிரான்சிலும் 1940 முதல் இதே கடிகாரம்தான். இங்கே மதியம் 12:30 வாக்கிலேயே சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோமே?

சரியான அடி. கடிகாரம் மட்டும் காரணம் என்று நான் சொன்னது அவசரம். மதியம் நீண்ட இடைவெளி விட்டு மாலையில் மீண்டும் கடை திறக்கும் வேலை நேரமும் சேர்ந்துதான் இரவுச் சாப்பாட்டைத் தள்ளுகிறது. ஆனாலும் 'சோம்பேறி' என்பதை ஏற்கமாட்டேன்.

லண்டன் வாசகர்: அப்படியானால் ஏசி போட்டுவிட்டு மதியமும் வேலை செய்யலாமே?

ஆலிவ் தோப்புக்கு ஏசி போட்டுக் காட்டுங்கள், பேசுவோம். பிள்ளைக்கு மதியம் இரண்டு மணி நேரம் தூக்கம், மாலை 6 மணிக்கு 'மெரியெந்தா' என்ற சிற்றுண்டி. பத்து வரை தாங்குவான். என் மகள் தாங்கினாள். இந்த வழக்கு முடிந்தது.

யாழ்ப்பாண வாசகி: தங்குவதற்குப் பணம் கொடுக்கலாமா? என்ன கொண்டுபோவது?

பணத்தை நீட்டினால் முகம் வாடிவிடும். காலையில் முதல் ஆளாகப் போய் ரொட்டியும் பழமும் வாங்கி வாருங்கள். கடையில் வரிசை இருக்காது, 'யார் கடைசி?' என்று கேட்டு அவரை நினைவில் வைத்துக்கொள்வதுதான் வரிசை. பலகாரத்தில் பால்கோவா, நெய் வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. கருவாடு 20 கிலோ வரை கொண்டுவரலாம். ஆனால் அந்த வீட்டாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாய் வாசகர்: ஏசி…

இல்லை.

சேலம் வாசகி: பிள்ளைகள் நள்ளிரவு வரை தெருவில் விளையாடுகிறார்களாமே, பயமில்லையா?

தெருவே விழித்திருக்கும். வெயில் தணிந்ததும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாற்காலிகள் வந்துவிடும். நம் திண்ணைப் பேச்சேதான். காதிஸ் மாகாணத்து அல்கார் என்ற ஊரின் மேயர், இந்த வழக்கத்தை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2021இல் குரல் கொடுத்தார். விருந்தாளிக்கு யாரும் நாற்காலி கொண்டுவந்து போடமாட்டார்கள். நீங்களே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருங்கள். போகும்போது பெர்சியானாவை உயர்த்தி, ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுப் போங்கள். ஆம், அப்போது திறக்கலாம்.