இயற்பியல் படித்தவருக்குப் புற்றுநோய் மருத்துவமனையில் என்ன வேலை?

கும்பகோணத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு, வணக்கம். இயற்பியலே படிப்பேன் என்று தங்கள் மகள் உறுதியாக இருக்க, "பி.எஸ்சி. முடித்தால் டியூஷன்தான் எடுக்க வேண்டும்" என்று மைத்துனர் சொன்னதால், நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் வாங்குவதற்கு நஞ்சையை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கள் கவலை புரிகிறது. ஆனால் விற்கக் கூடாது என்பதே என் பதில். பிள்ளை கேட்காத படிப்புக்காகக் குடும்பத்தின் ஒரே சொத்தை இழப்பது முதலீடு ஆகாது. அந்த இழப்பும் மனக்கசப்பும் நான்கு ஆண்டுகளும் அவள் தலைமேல்தான் இருக்கும்.

இஸ்ரோ, பேராசிரியர் பணி ஆகியவற்றைப் பற்றி மைத்துனருக்கே தெரிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அவர் கேள்விப்பட்டிராத ஒரு பணி மருத்துவ இயற்பியலாளர் பணி. கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இவர்களை நியமித்தே ஆக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பார். மார்பகப் புற்றுக்கு 25 அமர்வுகளில் 50 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்பது நெடுநாள் வழக்கத்தில் உள்ள ஓர் அளவு. அந்த அளவு கட்டியில் முழுமையாகச் சேரவும், அருகிலுள்ள இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இயன்றவரை குறையவும், கதிர்கள் எந்தக் கோணத்தில், எந்த வடிவில் வர வேண்டும் என்று கணினியில் திட்டமிடுவது இயற்பியலாளரின் பொறுப்பு.

கருவியைச் சரிபார்ப்பதும் அவரே. நீர் நிரப்பிய தொட்டியில் 10 செ.மீ. ஆழத்தில் கதிர்வீச்சை அளக்கும் விரல் நுனியளவு அயனியாக்க அறையை வைத்து, சிகிச்சைக் கதிர்களை உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டரை இயக்கி, அங்குள்ள வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப அளவீட்டைத் திருத்திப் பார்ப்பார். இரண்டு மூன்று விழுக்காடு விலகினாலே காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். செய்முறை வகுப்பில் எல்லாரும் எழுதி முடித்த பின்னும் மீட்டர் சமனச் சுற்றில் அளவீடு ஒத்து வரும்வரை தங்கள் மகள் நகர மாட்டாள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பணிக்கு அதுதான் முதல் தகுதி.

படிப்பின் வரிசையை மாற்ற இயலாது என்பதைக் கவனியுங்கள். இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம். பின்பு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி., அல்லது இயற்பியல் எம்.எஸ்சி. முடித்துக் கதிரியல் இயற்பியலில் பட்டயம். அதன்பின் கதிர்வீச்சு சிகிச்சை மையம் ஒன்றில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. கணினி அறிவியலில் பி.இ. முடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இந்த எம்.எஸ்சி. இருக்கிறது, பட்டயத்துக்கு மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் பெயர்பெற்றது. முதல் பட்டத்துக்கு உள்ளூர் அரசு மகளிர் கல்லூரியே போதும்; மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு பெண்பிள்ளைக்கு ஆகாது என்று அடுத்துச் சொல்வார்கள். சிகிச்சையின்போது அந்த அறைக்குள் நோயாளி மட்டுமே இருப்பார்; பணியாளர் தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே இருப்பார். ஒவ்வொருவரும் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், உடலில் பட்ட கதிர்வீச்சைக் கணக்கில் வைக்கும். சிரமங்கள் வேறு உண்டு: நோயாளிகள் போன பிறகே கருவி ஓய்வதால் சோதனைகள் மாலையில் நீளும், வேலை பெரும்பாலும் பெருநகரங்களில்தான் கிடைக்கும், சிறிய தனியார் மையங்களில் தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்கள் தருவதைவிடக் குறைவாக இருக்கலாம். இவற்றை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விடுங்கள்.

எம்.எஸ்சி. சேரும் கட்டம் வரும்போது மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்றுக்கொள்கிறதா, உள்ளகப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனை இடம் தருகிறது என்ற இரண்டையும் எழுத்தில் காட்டாத கல்லூரிக்கு, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.