சாலைக்குக் கீழே போய்விட்ட வீடு: உயர்த்துவதா, விற்பதா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 1992-ல் கட்டிய தனி வீட்டில் நானும் கணவரும் 84 வயது மாமியாரும் வசிக்கிறோம். சாலையின் மேல் சாலை போட்டதில் வீட்டுத் தரை 2 அடி கீழே போய்விட்டது. 2015-லும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் உள்ளே வந்தது. இரண்டு முறையும் தெருவில் தண்ணீர் வடிய மூன்று நாட்களுக்கு மேலாயிற்று. ஜாக்கி வைத்து உயர்த்தலாம் என்கிறார் கணவர். விற்றுவிடலாம் என்கிறான் மகன். எது சரி?
- வாசகி, சென்னை-91

பதில்: பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதே 2021-ல்தான். அதற்குள் உங்களுடையதைப் போன்ற எத்தனையோ வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன என்பது வருத்தத்துக்குரியது.

தரையில் மண் கொட்டி உயர்த்தலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். 10 அடி அறை 8 அடியாகும், 7 அடி வாசல் 5 அடியாகும். ஜாக்கி முறை அதைவிட மேலானது. சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் சிறிது சிறிதாகத் திருகி உயர்த்தி, இடைவெளியில் செங்கல் கட்டுவார்கள். ஆனால் சுவரும் கூரையும் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதே நிலையில்தான் மேலே போகும். தரையையும் கழிவுநீர்க் குழாய்களையும் புதிதாகச் செய்தாக வேண்டும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும் என்பதால், முன்பணம் கொடுக்குமுன் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு மேல்தளத்தைச் சோதிப்பது அவசியம்.

கூரை நன்றாகவே இருந்தாலும், உங்கள் விஷயத்தில் நான் மகன் பக்கமே நிற்கிறேன். வீட்டை உயர்த்தினாலும் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நிற்கத்தான் போகிறது. அந்த மூன்று நாளில் மாமியாருக்கு மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வராது. ஒரே நாளில் வடிகிற தெருவாக இருந்தால் உங்கள் கணவர் சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன்.

வாங்கும் வீட்டின் விலைக்கு மேல் பொதுவாக முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேரும். பழைய வீட்டை விற்ற லாபத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் வேறொரு வீட்டில் முதலீடு செய்தால் அந்த அளவுக்கு மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு என்பதால், இரண்டு பரிவர்த்தனைகளையும் ஆடிட்டரிடம் காட்டித் திட்டமிடுங்கள். அடுக்குமாடியில் வாங்குவதானால், மின்சாரம் நின்றால் லிஃப்டும் நிற்கும். ஆகவே முதல் மாடிக்கு மேல் போக வேண்டாம். வீடு பார்க்கப் பெருமழைக்கு மறுநாள் செல்லுங்கள். 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேட்காமல் தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.