அமெரிக்காவில் இன்ஜினியரிங்: ரேங்க் அப்புறம், ஃபீஸ் யார் கட்டுவது என்பது முதலில்

பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மெக்கானிக்கல் படிக்க வந்தவன் நான். இப்போது வேலையும் இங்கேதான். சில வருடங்களாக ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன். காசு வாங்குவதில்லை, அதனால் யாரையும் குளிர்விக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மதுரை, பதினொன்றாம் வகுப்பு): அண்ணா, ஸ்டேட் போர்டு. பத்தாவதில் 492. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, ஜார்ஜியா டெக், பர்டியூ, பெர்க்லி என்று லிஸ்ட் போட்டிருக்கிறேன். அப்பா ஹார்டுவேர் கடை. எனக்கு எதில் வாய்ப்பு?

பதில்: தம்பி, நீ ரேங்க் வரிசையில் எழுதியிருக்கிறாய். அதே ஐந்து பேரையும் பணம் வரும் வழியை வைத்துப் பிரித்து எழுதிப் பார், வேறு லிஸ்ட் ஆகிவிடும். எம்ஐடியில் வெளிநாட்டு மாணவர் நிதி உதவி கேட்டாலும் அது சேர்க்கை முடிவைத் தொடாது, சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் கட்ட முடியாத மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து நூறு பேர் போட்டால் இரண்டு பேர் தேறுவதே சந்தேகம். ஸ்டான்ஃபோர்டிலும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு முழுசாகக் கொடுக்கிறார்கள், ஆனால் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் பணம் கேட்டாயா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மற்ற மூன்றும் அரசுப் பல்கலைக்கழகங்கள். அங்கே வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி என்று ஒன்று கிடையாது, சேர்க்கை கிடைத்தாலும் பில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெர்க்லியில் ஒரு வருடத்துக்குத் தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து 80,000 டாலருக்கு மேலேயே ஆகும், ரூபாயில் எழுபது லட்சத்துக்கு மேல், அதை நாலால் பெருக்கு. பர்டியூ அதைவிட நன்றாகவே குறைவு, 2013-லிருந்து டியூஷன் ஃபீஸை ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் கடை வருமானத்தில் அடங்குகிற தொகை இல்லை.

அதனால் இன்று ராத்திரியே அப்பாவிடம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேள்: வருடத்துக்கு எவ்வளவு முடியும்? அந்த எண் தெரியாமல் லிஸ்ட் போடுவது, கையில் பணம் எவ்வளவு என்று பார்க்காமல் துணிக்கடைக்குப் போகிற மாதிரி. மார்க் பற்றிக் கவலைப்படாதே, 492 நல்ல மார்க்தான்.

கேள்வி (சேலம்): அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எஸ்ஏடி தேர்வு எழுதியே ஆக வேண்டுமா? கொரோனா காலத்தில் எடுத்துவிட்டார்களே?

பதில்: பலர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எம்ஐடி 2022-ல், கால்டெக் 2024-ல். ஜார்ஜியா டெக், பர்டியூ இரண்டும் கேட்கின்றன. பெர்க்லி உட்பட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எதுவும் அதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. கணக்கில் 800-க்குப் பக்கம் வரவில்லை என்றால் இன்னொரு தடவை எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு இடறுவது கணக்கு அல்ல, ஆங்கில வாசிப்புப் பகுதி.

கேள்வி (சென்னை, ஒரு அப்பா): மகன் ஒன்பதாவதிலிருந்து ஜேஇஇ கோச்சிங். பள்ளிக்கூடம் பெயருக்குத்தான், அட்டெண்டன்ஸ் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல ஜேஇஇ ரேங்க் வந்தால் அமெரிக்காவில் மதிப்பார்களா?

பதில்: சார், ரேங்க்கை விடுங்கள், நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த 'பெயருக்குத்தான்' என்பதுதான் பிரச்சினை.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் ஜேஇஇ-க்கு என்று தனிக் கட்டம் இல்லை. பரிசு, விருதுகளுக்கு ஐந்து இடம் உண்டு, அதில் ஒன்றில் எழுதலாம், எழுதுங்கள், தப்பில்லை. கணித, இயற்பியல் ஒலிம்பியாடில் தேசிய அளவில் ஏதாவது செய்திருந்தால் அது இன்னும் நன்றாகப் பேசும். பிறகு செயல்பாடுகள் என்று பத்து இடம், ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். நாலு வருடமாகச் சாயங்காலம் முழுக்கக் கோச்சிங்கில் இருந்த பையன் அந்தப் பத்தில் என்ன எழுதுவான்? அதைக்கூட எப்படியாவது ஒப்பேற்றலாம். ஆசிரியர் கடிதத்துக்கு என்ன செய்வீர்கள்? எம்ஐடி, கால்டெக் இரண்டுமே இரண்டு கடிதம் கேட்கின்றன, ஒன்று கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர், இன்னொன்று மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியர். இவனை வகுப்பில் பார்த்தே இராத ஆசிரியர் 'நல்ல பையன், ஒழுக்கமானவன்' என்று நாலு வரி எழுதுவார், அதைப் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். நான் பார்த்ததிலேயே நல்ல கடிதம் ஒரு தமிழாசிரியர் தன் மாணவிக்கு எழுதியது. அவர் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்தும்போது அந்தப் பெண் அசை பிரிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டு வந்து, அது தப்பாகப் பிரித்த இடங்களைப் பற்றி அவரோடு ஒரு வாரம் சண்டை போட்டாளாம். அவர் தமிழில் எழுதியதைப் பள்ளியில் வேறொரு ஆசிரியர் ஆங்கிலமாக்கினார். மாணவரே மொழிபெயர்க்கக் கூடாது, அதில் கவனம்.

ஜேஇஇ-தான் குறி என்றால் அதையே பிடியுங்கள், ஐஐடி ஒன்றும் குறைந்த இடம் இல்லை. இரண்டு குதிரையில் கால் வைப்பதாக இருந்தால் பையன் முதலில் நிஜப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்.

கேள்வி (கோவை): கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். சிவில் என்று போட்டு உள்ளே போய் மாறிக்கொள்ளலாமா?

பதில்: இதை வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். இடத்துக்கு இடம் மாறும். எம்ஐடியில் முதல் வருடம் முடிந்துதான் துறையே சொல்ல வேண்டும், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பர்டியூவில் இன்ஜினியரிங் சேர்பவர்கள் எல்லோரும் முதல் வருடம் பொது இன்ஜினியரிங், அங்கே எடுக்கிற மார்க்கைப் பொறுத்துத் துறை, ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே இன்ஜினியரிங்கில் வராது, அறிவியல் பிரிவில் இருக்கிறது. இல்லினாய்ஸ், பெர்க்லி இரண்டும் துறை பார்த்துச் சேர்க்கிறவை, அங்கே சிவிலில் நுழைந்து கம்ப்யூட்டருக்குத் தாவலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். சிவில் படிக்கப் பிடிக்கும் என்றால் மட்டும் சிவில் போடுங்கள்.

கேள்வி (திருச்சி, ஒரு அம்மா): என் மகளுக்கு ராக்கெட் என்றால் உயிர். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த பர்டியூவில் ஏரோஸ்பேஸ் படிக்க வைக்க நிலம் விற்கவும் தயார்.

பதில்: அம்மா, நிலத்தில் கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ராக்கெட், ஏவுகணை, விண்கலத் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி ஐடார் எனப்படும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வருகிறது. அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ அல்லாத ஒருவருக்கு அந்த விவரங்களைக் காட்டினாலே ஏற்றுமதி செய்த கணக்கு, அவர் அமெரிக்காவிலேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும். அதனால் ராக்கெட் கம்பெனிகள் மாணவர் விசாவில் இருப்பவர்களை இன்டர்ன்ஷிப்புக்குக்கூடப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பாடம் படிக்கத் தடையில்லை, பட்டம் கிடைக்கும், ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து அங்கே அவள் ஆசைப்பட்ட வேலை மட்டும் கிடைக்காது. என் வகுப்புத் தோழன் ஒருவன் இதை மூன்றாம் வருடத்தில்தான் தெரிந்துகொண்டான், பாவம். மெக்கானிக்கல் எடுத்துப் பாய்ம இயக்கவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் பக்கம் ஆழமாகப் போனால் கார், காற்றாலை, ரோபோ என்று வழி திறந்திருக்கும். உண்மையிலேயே ராக்கெட்தான் என்றால், திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே நடத்தும் ஐஐஎஸ்டி இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரக் காத்திருக்கிறேன். ஒரு வருடம் வீணாகிவிடுமே, மொறட்டுவப் பல்கலைக்கழகம் கிடைத்தால் சேர்ந்துகொண்டே விண்ணப்பிக்கலாமா?

பதில்: இடைவெளியை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை தம்பி. அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள், சின்னவர்களுக்கு ரியூஷன் கொடுத்ததும் அதில் சேர்த்திதான். ஆனால் பட்டப்படிப்பில் சேர்ந்து படிக்கத் தொடங்கினால் பெரும்பாலான இடங்களில் நீங்கள் புதுமுக மாணவர் அல்ல, டிரான்ஸ்ஃபர் மாணவர். அந்தக் கதவு இன்னும் சின்னது, வெளிநாட்டவருக்குப் பண உதவியும் அதில் அரிது. விண்ணப்பத்தை முதலில் அனுப்பி முடிவைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): விவசாயக் குடும்பம். ஃபார்ம் 16, வருமான வரி எதுவும் இல்லை. உதவி கேட்டால் சேர்க்கை போய்விடும் என்று ஏஜென்ட் சொல்கிறார், முதலில் கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்கலாமாம்.

பதில்: அந்த ஏஜென்ட்டை இன்றோடு விட்டுவிடுங்கள். முதலில் உதவி கேட்காமல் சேர்ந்த வெளிநாட்டு மாணவர், நாலு வருடமும் கேட்க முடியாது என்று விதி வைத்திருக்கும் கல்லூரிகள் பல. அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தால் இரண்டாம் வருடம் மூட்டை கட்ட வேண்டியதுதான். பல தனியார் பல்கலைக்கழகங்களில் உதவி கேட்க நிரப்புவது சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம். வரி கட்டாத வருமானத்துக்கும் அதில் இடம் உண்டு. தாசில்தார் வருமானச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பிறகு எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எந்த வருடம் மழை பொய்த்தது என்று ஒரு பக்கம் நேர்மையாக எழுதுங்கள். நிலத்தின் மதிப்பை மறைக்காதீர்கள். விற்க முடியாத பூர்வீக நிலம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஏஜென்ட் பற்றி என் கதையும் ஒன்று உண்டு. நான் விண்ணப்பித்த வருடம் ஒருவரிடம் பணம் கட்டினேன், கட்டுரையையும் அவரே எழுதிக்கொடுத்தார். அதில் என் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றிருந்தார். என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் அம்மா படித்துவிட்டார்.

கேள்வி (பெங்களூரு): கடன் வாங்கிப் போனால் வேலை செய்து அடைத்துவிடலாம் அல்லவா?

பதில்: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தால் ஓபிடி என்று 12 மாதம் வேலை செய்யலாம், இன்ஜினியரிங் என்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு. மூன்று வருடம். அதற்குப் பிறகும் இருக்க எச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு 65,000 விசா, அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு மேல் முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. பி.எஸ் என்ற இளநிலைப் பட்டம் மட்டும் முடித்தவர் அந்த 65,000-க்குள் மட்டும்தான் நிற்க முடியும், ஆளோ அதைவிடப் பல மடங்கு. மூன்று வருடச் சம்பளத்தில் அடைக்க முடிகிற கடனா என்று கணக்குப் போடுங்கள், அதற்கு மேல் வருவதை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

கேள்வி (மதுரை, அதே தம்பி): அப்பாவிடம் கேட்டேன் அண்ணா. வருடத்துக்கு நாலு லட்சம் என்கிறார். அப்போ எம்ஐடியையும் எடுத்துவிடவா?

பதில்: நீ லிஸ்ட்டிலிருந்து நீக்க வேண்டியது அந்த மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களை. எம்ஐடி இருக்கட்டும். உன் வருமானத்துக்கு அதன் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதே மாதிரி வெளிநாட்டவருக்கும் பணத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பவை பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல், டார்ட்மத் போன்றவை. இந்த நாலிலும் இன்ஜினியரிங் உண்டு, உன் லிஸ்ட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே லாட்டரிச் சீட்டு மாதிரிதான், அதனால் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்கையும் ஒழுங்காகப் போடு. அப்பா உண்மையான எண்ணைச் சொல்லிவிட்டார் பார், அது பெரிய விஷயம். எஸ்ஏடி எந்த மாதம் எழுதப் போகிறாய் என்று பார்த்துச் சொல், வாசிப்புப் பகுதியைச் சேர்ந்து பார்க்கலாம்.