காணாது ஈத்த பொருள்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு. பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை இந்த மாத இறுதியில் பணி ஓய்வு பெறுகிறார். அண்ணிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. அக்கா மகன் கல்லூரியில் சேரப்போகிறான். மூவருக்கும் தலா 1,000 ரூபாய்க்கு ஒரே கடையின் கிஃப்ட் கார்டு வாங்க முடிவு செய்துவிட்டேன். விடுப்புக் கிடைப்பது கடினம் என்பதால் கூரியரில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். கார்டு கொடுப்பது பாசமில்லாத செயல், சோம்பேறித்தனம் என்று அம்மா கோபித்துக்கொள்கிறார். வாங்குபவர் மனத்தில் நிற்கும்படி கார்டைக் கொடுப்பது எப்படி? அழகான பெட்டியில் வைத்து உள்ளே சாக்லேட் வைக்கலாமா? கையால் ஏதாவது எழுத வேண்டுமா? கார்டுகள் எல்லாம் முழுத் தொகையில்தான் கிடைக்கின்றன. 1,001 என்று வைக்க வழி உண்டா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் புறநானூறு திறந்திருந்தது. தர்மபுரியில் ஒரு பள்ளி விழாவில் அதியமானைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். இந்த ஊரில் அதியமான் என்றாலே எல்லோரும் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் அதை ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் நான் வேறு பாடல் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்ட 208ஆம் பாடல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்டியும் சாக்லேட்டும் உங்கள் விருப்பம். கார்டு கொடுப்பது சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை; கல்யாண வீட்டில் கவருக்குள் பணத்தை வைத்து நீட்டும் நாம் கார்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கையால் எழுதுவதைக் கேட்கவே வேண்டாம், எழுதுங்கள். அந்த ஒரு ரூபாய்க் கேள்விக்கு மட்டும் பிறகு வருகிறேன்.

ஆனால் மூன்று பேருக்கும் ஒரே கடை, ஒரே தொகை, கூரியர் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இருபது நாள் குழந்தையை மடியில் வைத்திருப்பவரும், வீட்டைவிட்டு முதல்முறையாக வெளியூர் போகும் பையனும், வாழ்நாள் முழுவதும் சாக்பீஸ் பிடித்த கையும் உங்களுக்கு ஒன்றாகவா தெரிகின்றன? கணக்குப் பிரிவில் இருப்பதால் மூன்று பெயர், மூன்று ஆயிரம் என்று பற்று எழுதி மூடிவிட்டீர்கள். உங்கள் அம்மா கோபித்துக்கொண்டது கார்டுக்காக இருக்காது, இதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாடலுக்கு வருகிறேன். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் பல கடந்து, நம் தர்மபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் பெற வருகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பாடல் சொல்லவில்லை. போர் இருந்திருக்கலாம், உங்களைப் போல அவனுக்கும் விட்டு வர முடியாத வேலை ஏதேனும் இருந்திருக்கலாம். ‘இதைப் பெற்றுக்கொண்டு போகட்டும்’ என்று பொருளை மட்டும் அனுப்பிவைக்கிறான். வறுமையோடு அத்தனை தூரம் நடந்து வந்தவர் அதை வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல் என்னை எப்படி அறிந்தான் என்று கேட்கிறார். ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்கிறார். கண்ணால் காணாமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்பது அதன் பொருள். தினையளவே ஆனாலும் இன்னாருக்கு இன்னது தகும் என்று அறிந்து, பேணிக் கொடுத்தால் அது இனியது என்று முடிக்கிறார்.

இதில் என்னை உறுத்துவது கொடுத்தவன் யார் என்பதுதான். கஞ்சன் ஒருவனைப் பார்த்து இதைப் பாடியிருந்தால் படித்துவிட்டுக் கடந்துபோயிருப்பேன். கிடைத்தற்கரிய கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதே அதியமானைப் பார்த்துப் பாடியிருக்கிறார். ஔவையை அவன் எதிரே உட்காரவைத்துப் பேசியவன். அவள் இன்னும் நெடுநாள் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் அந்தக் கனி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெருஞ்சித்திரனாரை அவன் பார்க்கவில்லை. பொருள் எவ்வளவு என்று பாடலில் இல்லை, நிறையவே கொடுத்திருப்பான். ஆனாலும் அந்தப் பொருள் திரும்பிப் போயிற்று. விழாவில் நெல்லிக்கனியைச் சொல்லாமல் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

இனி என் கதை. 12 ஆண்டுகளுக்கு முன், நான் பெங்களூரில் வேலையில் இருந்தபோது, ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வர முடியவில்லை. சேலத்தில் உள்ள ஒரு பெரிய துணிக்கடையின் கார்டை 2,000 ரூபாய்க்கு வாங்கிப் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த அம்மாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். ‘வந்துடுச்சு கண்ணு, நல்லா இருக்கு’ என்று போனில் சொன்னார். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். மொய் எழுதும் மேசைக்கு முன்னால் நின்று அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். உள்ளே இருந்து வந்தது அந்தக் கார்டு. அதன் முதுகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, செல்லோடேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார். மொய் எழுதுபவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதை எப்படிக்கா எழுதறது?’ என்று கேட்டார். அம்மா தயங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நோட்டில் ஏறியது: கடை அட்டை 2,000, ரொக்கம் 1.

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டேன். உனக்குப் புடவை எடுக்கத்தானே அனுப்பினேன் என்றேன். அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். ‘அந்தக் கடை சேலத்துல இருக்குது. மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கி நான் ஒத்தையில போயி, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள நுழைஞ்சு, இந்த அட்டையை யாருகிட்ட நீட்டுறது? தலை ஆடிக்குத் துணி எடுக்க அவங்க எப்படியும் சேலம் போவாங்க. அது வரைக்கும் தேதி இருக்குதான்னு பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட குடுத்துப் படிச்சுப் பாத்துட்டேன். அவங்களுக்கு உதவும்.’

அப்போது எனக்கு அவமானமாக இருந்தது. என் அம்மாவால் தனியாகப் பேருந்தேறிச் சேலம் போக முடியுமா என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் எப்போது எந்த ஊருக்குத் துணி எடுக்கப் போவார்கள், அதுவரை கார்டு செல்லுமா என்பது வரை அம்மா நினைத்துப் பார்த்திருந்தார். அதே கார்டைத்தான் இருவரும் கொடுத்தோம். என் கையிலிருந்து போனபோது அது காணாது ஈத்த பொருள். அம்மா கையிலிருந்து போனபோது அது அவர்களை அறிந்து, பேணிக் கொடுத்தது.

ஒரு ரூபாய்க்கும் அம்மாதான் பதில் சொன்னார். ‘வட்டமா முடிஞ்சா கணக்குத் தீந்த மாதிரி. ஒத்தையா வச்சாத்தான் போக்குவரத்து இருக்கும்.’ ஆகவே நாணயத்தை ஒட்டுங்கள்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் இன்னொரு கார்டோடு நானே வந்து அம்மாவைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு விஷயம் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு புடவையிலும் முதலில் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். 640 ரூபாய்ப் புடவை ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மீதியைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். தர மாட்டார்கள். ஒரே தடவையில் முழுவதையும் தீர்க்க வேண்டும் என்று கார்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. தேவையில்லாத துண்டும் போர்வையுமாக மீதியைக் கழித்துவிட்டு வந்தோம். தொகையைத் தீர்மானிக்கும் முன் அவர் அந்தக் கடையில் எதை எடுப்பார் என்று யோசித்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது.

விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது கடினமில்லை. வங்கிகளும் அனுமதி பெற்ற நிறுவனங்களும் பல கடைகளில் செல்லும்படி வெளியிடும் பரிசு அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு விதித்தொகுப்பு பொருந்தும். அதன்படி ஒரு கார்டு 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது, மறுபடி பணம் ஏற்ற முடியாது, பணமாக எடுக்க முடியாது, குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும். ஒரு கடை தன் கடைக்கு மட்டும் கொடுக்கும் கார்டு இந்த விதிகளுக்குள் வராது. கடைக்காரர் அச்சிட்ட நிபந்தனைதான். அதைப் படித்து, கடைசித் தேதியை உறையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கார்டில் சுரண்டினால் தெரியும் ரகசிய எண்ணைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், அந்த எண் யார் கையில் கிடைத்தாலும் பணம் போய்விடும்.

தேதியை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அதியமானின் பரிசில் இன்று கிடைத்தாலும் நாள் கழிந்து கிடைத்தாலும், யானை தன் கொம்புகளுக்கு இடையே வைத்துக்கொண்ட கவளம் போல அது கையில் இருப்பதுதான், பொய்க்காது என்று ஔவை 101ஆம் பாடலில் சொல்கிறார். இன்னும் கைக்கு வராத, ஆனால் வந்துவிட்டதாகவே நம்பத்தக்க பரிசு. கார்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். பீரோவுக்குள் கிடந்து தேதி கடந்துபோன கார்டு, கொடுத்தவர் சொன்ன பொய்யாக ஆகிவிடுகிறது.

எந்தக் கடையின் கார்டு என்பதும் வாங்குபவரிடம் ஒன்றைச் சொல்கிறது. பிரிட்டனில் 1932இல் புத்தகக் கடைகள் புத்தகச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தன. ஹெரால்ட் ரேமண்ட் என்ற பதிப்பாளரின் யோசனை அது. எந்தப் புத்தகம் பிடிக்குமோ, ஏற்கெனவே வைத்திருக்கிறாரோ என்ற தயக்கத்தில் புத்தகம் பரிசளிக்காமல் விட்டவர்கள் அந்தச் சீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். நீ படிப்பவன் என்று எனக்குத் தெரியும், எதைப் படிப்பாய் என்பது உன் விருப்பம் என்று அது சொல்லிவிடுகிறது. எல்லாப் பொருளும் விற்கும் பெரிய கடையின் கார்டு இப்படி எதையும் சொல்வதில்லை. உங்கள் அக்கா மகன் எதில் ஆசையுள்ளவன் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அண்ணி இன்னும் சில மாதங்களுக்குக் கடை வாசலை மிதிக்க மாட்டார். அவருக்கு வீட்டிலிருந்தே போனில் வாங்கும் கார்டாகப் பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை நீங்களே தேடி எடுத்துக் கொடுங்கள், பிள்ளை கையில் இருக்கும்போது போனைப் பிடிக்க அவருக்கு இன்னொரு கை கிடையாது.

ஆசிரியைக்குக் கூரியர் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இன்று சம்பளம் வாங்குவதே அவர் சொல்லிக்கொடுத்த கூட்டல் கழித்தலில்தான். எந்த வகுப்பில் எந்தக் கணக்கு உங்களுக்கு வராமல் இருந்தது, அவர் எப்படிச் சொன்னபோது புரிந்தது என்று நான்கு வரி எழுதி அந்தத் தாளுக்குள் கார்டை வையுங்கள். கையில் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் அவர் தரும் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு மறு ஆண்டு தங்கை மகளுக்குக் காதுகுத்து நடந்தது. அந்தக் கல்யாண வீட்டார் வந்தார்கள். வாசலில் மொய் மேசை இருந்தது. அவர்கள் அங்கே நிற்காமல் நேராகப் பின்கட்டுக்கு வந்து, அடுப்பருகே இருந்த அம்மாவைத் தேடிப் பிடித்தார்கள். மருமகள் கவரை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, ‘பெரியம்மா, இது நீங்க குடுத்த அட்டையில எடுத்தது’ என்று தான் கட்டியிருந்த புடவையின் முந்தானையை நீட்டிக் காட்டினாள். அம்மா கையை இடுப்புத் துணியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, அந்தக் கரையை விரல்களுக்கு இடையே வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.