டீசல் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஐயா,

ஆறு ஆண்டுகளாகச் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிறேன். சேமிப்பை முன்பணமாகக் கட்டித் தவணையில் சொந்த வண்டி எடுக்க எண்ணம். தவணை, டயர், காப்பீடு எல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன். ஆனால், டீசல் விலையேற்றத்தைத் தாங்க முடியாமல் எனக்குத் தெரிந்த இருவர் வண்டியை விற்றுவிட்டார்கள். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லாரி ஓட்டும் தொழிலுக்கு எதிர்காலம் உண்டு என்றே நம்புகிறேன். சொந்த வண்டி எடுப்பது தனிக் கேள்வி. சம்பளத்துக்கு ஓட்டுபவரை டீசல் விலையேற்றம் சுற்றிவளைத்து, லோடு குறைவதாகவும் பேட்டா வெட்டப்படுவதாகவும் வந்து தாக்குகிறது. ஓனரையோ பங்க்கில் நிற்கும் அந்த நிமிடத்திலேயே தாக்கிவிடுகிறது.

முழு லோடு ஏற்றிய கனரக லாரி 100 கிலோமீட்டருக்கு 30 முதல் 40 லிட்டர் வரை டீசல் குடிக்கும். நாளொன்றுக்குச் சராசரியாக 100 லிட்டர் எரிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். டீசலுக்கு அன்றன்றே பணம் கட்ட வேண்டும். வாடகை 60 நாள் கழித்துத்தான் வருகிறது என்றால், 6,000 லிட்டர் டீசலின் விலை எப்போதும் உங்கள் கையைவிட்டுப் போய், சரக்கு அனுப்பியவருக்கு நீங்கள் கொடுத்த வட்டியில்லாக் கடனாக வெளியே நிற்கும். விலை ஏற ஏற அந்தக் கடனும் பெருகும். பழைய விலையை வைத்துப் பேசிய வாடகை மட்டும் அப்படியே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு முழுவதும் லாரியின் கேபினில் அமர்ந்து பயணம் செய்தேன். வண்டிகள் தேங்கிய ஓரிடத்தில் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். சும்மா நின்றாலும் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போய்விடும் என்று சொல்லி, புழுக்கத்தில் கழுத்தைத் துண்டால் துடைத்தபடி காத்திருந்தார். வழி திறந்த பிறகும் வேகமுள் 70ஐத் தாண்டவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 80இலிருந்து 100க்குப் போனாலே அது ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடுகிறது. அவருடைய வலது காலுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. ஆனால், 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே பல நாடுகளில் டீசல் ஏறிய வேகத்தின் முன், இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த மிச்சம் எம்மாத்திரம்? அந்த மனிதரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

2018 மே மாதம் பிரேசிலில், அரசு எண்ணெய் நிறுவனம் உலகச் சந்தையை ஒட்டி டீசல் விலையை ஏறக்குறைய நாள்தோறும் மாற்றிவந்த நிலையில், லாரி ஓட்டுநர்கள் சுமார் பத்து நாட்கள் சாலைகளை மறித்தார்கள். விலைக்குறைப்போடு அவர்கள் பெற்ற இன்னொன்று, குறைந்தபட்ச வாடகைப் பட்டியல். அமெரிக்காவில் 1974இல் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவிலும், டீசலுக்காக வாடகையில் 6 விழுக்காடு கூட்டிக்கொள்ள வழி பிறந்தது. டீசல் விலை ஓட்டுநரின் கையில் இல்லை என்றாலும், அது யார் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்று பேச முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

ஆகவே, வாடகை பேசும்போது அன்றைய டீசல் விலையையும் ஒப்பந்தத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அது ஏறினால் வாடகையும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று ஒரு வரி இருக்கட்டும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் திரும்பும் தூரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். காலி வண்டி என்பதற்காக டீசல் செலவு பாதியாகிவிடாது. இடையில் புரோக்கர் இருந்தால், டீசலுக்கென்று தரப்படும் கூடுதல் தொகை முழுதாக உங்களிடம் வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஒற்றை வண்டிக்காரரின் பேச்சுக்கு யார் செவிசாய்ப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான், இதற்கு ஒத்துக்கொள்ளும் ஒருவரையாவது வண்டி எடுப்பதற்கு முன்பே தேடிக்கொள்ளச் சொல்கிறேன்.

உங்கள் கணக்கில் தவணை, டயர், காப்பீடு எல்லாம் இருக்கின்றன. வாடகை எத்தனை நாளில் கைக்கு வரும் என்பது இல்லை. அதைக் கேட்டறிந்து, முன்பணம் போக, அத்தனை நாள் டீசலுக்கும் பணம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லை என்றால், இன்னும் ஓராண்டு சம்பளத்துக்கே ஓட்டுங்கள்.